ஏழாம் தேதி வந்தவர்

எளிமையாக எழுதப்பட்டதெல்லாம் உண்மை என்றொரு நம்பிக்கை நம்மிடையே வெகுநாளாக இருந்து வருகிறது. அலங்காரம் இல்லை, உவமை இல்லை, வாக்கியம் நேராகப் போகிறது, ஆகவே ஆசாமி பொய் சொல்லவில்லை. எழுதியவன் பள்ளிக்கூடம் போகாதவன் என்று தெரிந்தால் இந்த நம்பிக்கை இரட்டிப்பாகிவிடும். ‘வாழ்க்கையிலிருந்து நேராக வந்த எழுத்து’ என்று முத்திரை குத்தி விமர்சனத்திலிருந்து அதற்கு விலக்கு அளித்துவிடுவோம். மரியாதை மாதிரித் தோன்றினாலும் இது அலட்சியம்தான். படித்தவன் வாக்கியத்தைச் சோதிக்க வேண்டும், படிக்காதவனுடையது கொல்லையில் காய்க்கும் கத்தரிக்காய்போலத் தானாக விளைந்தது என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது.

ஆல்பர்ட் ஃபேஸியின் ‘எ ஃபார்ச்சுனேட் லைஃப்’ இந்த நம்பிக்கையை உரைத்துப் பார்ப்பதற்கு நல்ல கல். 1981இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமாண்டில் ஆர்ட்ஸ் சென்டர் பிரஸ் என்ற சிறிய பதிப்பகம் வெளியிட்ட சுயசரிதை இது. எழுதியவருக்கு அப்போது எண்பத்தாறு வயது. அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார். அதற்குப் பிறகு பல லட்சம் பிரதிகள், 1986இல் தொலைக்காட்சித் தொடர், பள்ளிக்கூடங்களில் பாடம். சாதாரண ஆஸ்திரேலியன் யார் என்று கேட்டால் அங்கே இந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார்கள். பெயரைத் தமிழில் ‘அதிர்ஷ்டம் வாய்ந்த வாழ்க்கை’ என்று சொல்லலாம். ‘கொடுத்துவைத்த வாழ்க்கை’ என்றால் இன்னும் பொருந்தும். நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மெல்லிய சந்தேகமும் சேர்ந்து வந்துவிடும்.

கொடுத்துவைத்தது என்ன என்று பார்த்தால், இரண்டு வயதில் தகப்பன் சாவு. தாய் சின்னக் குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மேற்கே போகிறாள், அழைத்துக்கொள்ள வரவில்லை. எட்டு வயதில் பண்ணையில் கூலி. குதிரைச் சாட்டையால் அடி வாங்கி, அந்த இடத்திலிருந்து ஓடுகிறான். எழுத்துக் கூட்டக்கூட யாரும் சொல்லித்தரவில்லை, தானாகக் கற்றுக்கொண்டது. மாடு ஓட்டுகிறான், காடு திருத்துகிறான், இருபது வயது நெருங்கும்போது ஒரு குத்துச்சண்டைக் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போகிறான். அங்கிருந்து பட்டாளம்.

இங்கே தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் வருகிறது. ஆங்கிலத்தில் ‘நான்’ என்ற ஒரே சொல்லுக்குள் சாட்டையடி பட்ட பையனும் எழுதுகிற கிழவரும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் இதைச் சொல்ல வரும்போது பையனை ‘அவன்’ என்கிறேன், கிழவரை ‘அவர்’ என்கிறேன். எந்த இடத்தில் அவன் அவராக மாறுகிறான் என்று தீர்மானித்தாக வேண்டும். இதை வெறும் இலக்கணத் தொல்லையாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன். புத்தகத்தின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது என்று பிறகு பட்டது.

1915 ஏப்ரல் 25 விடியற்காலை. துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகள் இறங்குகின்றன. ஆன்ஸாக் என்பது இந்தப் படையின் ஆங்கிலப் பெயரிலிருந்து முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொல். முதல் அலையில் கரையேறியவற்றில் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியர்கள் அடங்கிய 11ஆவது பட்டாலியன். ஃபேஸியின் பட்டாலியன் அது. புத்தகத்தில் இந்த விடியல் வருகிறது. படகுகள், இருட்டு, மேட்டிலிருந்து வரும் தோட்டா, கரையை எட்டுவதற்குள் விழுகிற ஆட்கள், செங்குத்தான சரிவு. அவருடைய மற்ற வாக்கியங்களைப் போலவே இவையும் குரலை உயர்த்தாமல் போகின்றன. படிக்கிறவன் சந்தேகப்படமாட்டான்.

ஆனால் அன்று ஃபேஸி அங்கே இல்லை. அவருடைய ராணுவச் சேவைப் பதிவேடு ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது; வேண்டுகிறவர்கள் பார்க்கலாம். அவர் பட்டாளத்தில் சேர்ந்ததே 1915 ஜனவரியில்தான். அதே மாதம் 10ஆம் தேதி 11ஆவது பட்டாலியன் எகிப்தில் பெரிய பிரமிடின் கற்படிகளில் உட்கார்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டது. எழுநூறு முகங்கள், இன்றும் ஒவ்வொருவராகப் பெயர் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபேஸி அதில் இல்லை, இருக்கவும் முடியாது. கலிப்பொலியில் அவர் பட்டாலியனோடு சேர்ந்தது மே 7ஆம் தேதி, இழப்புகளை நிரப்ப வந்த ஆட்களில் ஒருவராக. பன்னிரண்டு நாள் பிந்தி.

இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. கிழவர் பொய் சொல்லிவிட்டார் என்பது ஒன்று. வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகியிருக்கும், பெரிதுபடுத்தாதீர்கள் என்பது மற்றது. முதல் பதில் போலீஸ்காரனுடையது, இரண்டாவது பேரனுடையது. இரண்டுமே புத்தகத்தைப் படிக்காமல் சொல்லக்கூடிய பதில்கள்.

மே 7ஆம் தேதியோடு இன்னொரு தேதியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 25 இறக்கத்தைப் பற்றி ஆஷ்மீட்-பார்ட்லெட் என்ற ஆங்கில நிருபர் எழுதிய வர்ணனை ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் மே 8ஆம் தேதி வெளியாயிற்று. அந்த நாட்டின் புராணம் அந்தக் காலைப் பத்திரிகையிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். ஃபேஸி கரையில் கால் வைத்த மறுநாள். அவர் குழி வெட்டவும் குனிந்து நடக்கவும் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய ஊரில் கலிப்பொலி எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. பின்னால் அரசாங்கத்தின் அதிகாரபூர்வ சரித்திரக்காரராக சி. ஈ. டபிள்யூ. பீன் எழுதிய பெரும் தொகுதிகளெல்லாம் அந்த மூலத்தைப் பெருக்கின. 1916 ஏப்ரல் 25 அன்று முதல் ஆன்ஸாக் நாள் கொண்டாடப்பட்டபோது ஃபேஸி ஊர் திரும்பியிருந்தார். படையெடுப்பு தோற்றுப்போய், 1915 டிசம்பரில் படைகள் கழன்று வந்தாயிற்று. எட்டாயிரத்துக்கு மேல் ஆஸ்திரேலியர்கள் செத்திருந்தார்கள். இருந்தும் ஊருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விடியற்காலைதான்.

அந்த ஊரில் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? மே மாதத்திலிருந்து ஆகஸ்டு வரை அவர் அங்கே இருந்தது நிஜம். அவருடைய அண்ணன்மார் இருவர் கலிப்பொலியில் இறந்தது நிஜம். ஆகஸ்டில் உடல் கெட்டு வெளியேற்றப்பட்டு, 1916இல் ராணுவத்துக்குத் தகுதியற்றவரென்று விடுவிக்கப்பட்டது நிஜம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் அறுபது வருஷம் ‘நீ இறக்கத்தில் இருந்தாயா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘இல்லை, பிந்தி வந்தேன்’ என்றால் கேட்டவன் முகம் திரும்பிவிடும். கேட்கிறவனுக்குத் தெரிந்த கலிப்பொலி ஒரு நாள்தான். அந்த ஒரு நாளின் வழியாகப் போனால்தான் மற்ற நான்கு மாதங்களையும் அவனிடம் கொண்டுசேர்க்க முடியும்.

அலிஸ்டேர் தாம்ஸன் 1980களில் மெல்பர்னின் தொழிலாளிக் குடும்பங்களைச் சேர்ந்த பழைய சிப்பாய்களைச் சந்தித்துப் பேசி, 1994இல் ‘ஆன்ஸாக் மெமரீஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். பீட்டர் வியரின் ‘கலிப்பொலி’ திரைப்படம் 1981இல் வந்தது, ஃபேஸியின் புத்தகம் வந்த அதே வருஷம். கிழவர்களில் சிலர் அந்தப் படத்துக் காட்சிகளைத் தாங்கள் கண்டதாகவே சொன்னார்கள் என்று தாம்ஸன் எழுதுகிறார். சகித்துக்கொண்டு வாழத்தக்க விதத்தில் மனம் கடந்தகாலத்தைக் கோத்துக்கொள்கிறது, ஊர் ஏற்கிற கதையின் அச்சில் அந்தக் கோப்பு நடக்கிறது என்பது அவர் வாதம். சரித்திரக்காரருக்கு இது போதும். இலக்கியம் படிக்கிறவனுக்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் கோப்பு வாக்கியத்தில் எங்கே தட்டுப்படுகிறது?

ஃபேஸியின் இறக்கப் பகுதியைத் தனியாக எடுத்துப் படித்தால் பதில் கிடைக்கிறது. அதில் அவர் பார்த்தது என்று எதுவும் இல்லை. அங்கே இருக்கிற ஒவ்வொன்றும் எல்லோருக்கும் தெரிந்தது. படகைத் தள்ளியவன் பேர் என்ன, முதலில் ஒளிந்த கல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அன்று கால்சட்டைப் பையில் என்ன இருந்தது என்ற விதமான, வேறு யாருக்கும் உபயோகப்படாத ஒரு தகவல்கூட என் கண்ணில் படவில்லை. பண்ணைப் பகுதிகளிலோ அப்படியில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு கூலி, யார் கொடுக்கவில்லை என்பதுவரை வருகிறது. எளிய நடை எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அதற்குள்ளே இருக்க வேண்டிய பொடிச் சாமான்கள்தான் இங்கே இல்லை. தேதி தெரிந்த பிறகு இதைச் சொல்வது சுலபம் என்று ஒரு நண்பர் மடக்கினார். சுலபம்தான். ஆனாலும் திரும்பப் படிக்கும்போது காணாமல் போயிருப்பது காணாமல் போயே இருக்கிறது.

இதற்கு எதிராகக் காலுறை விஷயத்தை வைக்க வேண்டும். போர்முனைக்கு ஊரிலிருந்து பொட்டலங்கள் வருகின்றன. ஃபேஸிக்குக் கிடைத்த பொட்டலத்தில் கையால் பின்னிய ஒரு ஜோடிக் காலுறையும், இதைப் பெறும் சிப்பாய் சுகமாக வீடு திரும்ப வேண்டும் என்று ஒரு சீட்டும். அடியில் பன்பரி என்ற ஊரைச் சேர்ந்த ஈவ்லின் கிப்ஸன் என்று கையெழுத்து. ஊர் திரும்பிய பிறகு தெருவில் தற்செயலாக ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். பெயர் கேட்டால், ஈவ்லின் கிப்ஸன். 1916 ஆகஸ்டில் இருவருக்கும் கல்யாணம்.

இதை நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றில் படித்தால் பக்கத்தைக் கிழித்துக் கடலை மடிப்போம். தற்செயலை வைத்துக் கதை நகர்த்துகிறவனை இந்த வட்டத்தில் யாரும் மன்னித்ததில்லை. ஆனால் இந்தக் கல்யாணம் நடந்தது. நடக்கவே முடியாது என்று தோன்றுகிற காலுறையை அந்த மனிதர் அறுபது வருஷம் உடன் வாழ்ந்து நிரூபித்திருக்கிறார்; யாரும் கேள்வி கேட்காத விடியற்காலைதான் இரவல். நம்பும்படி இருப்பதும் உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம், யதார்த்தவாதம் வந்து அந்தப் பேச்சை மழுக்கிவிட்டது. காலுறைப் பகுதியில் பெண்ணின் பேர் இருக்கிறது, ஊரின் பேர் இருக்கிறது, சீட்டு இருக்கிறது. அந்தச் சாமான்கள் வேறு யாருக்கும் சொந்தமில்லை.

ஊர் திரும்புதல் என்பதை ஆஸ்திரேலிய எழுத்து வேறு வழிகளிலும் தொட்டிருக்கிறது. ஜார்ஜ் ஜான்ஸ்டனின் ‘மை பிரதர் ஜாக்’ (1964) நாவலின் ஆரம்பத்தில், மெல்பர்ன் புறநகர் வீடொன்றின் நடையில் ஊன்றுகோல்களும் மரக்கால்களும் சாய்ந்து கிடக்கின்றன. போரில் நர்ஸாக இருந்த தாய் அங்கம் இழந்த சிப்பாய்களை வீட்டுக்கே அழைத்து வந்திருக்கிறாள். குழந்தைக்கு அதுதான் உலகத்தின் சாதாரண மேஜை நாற்காலி. அந்தச் சில பக்கங்கள் ஒரு பெரிய கலைஞனுடைய பக்கங்கள். நாவலின் பின்பாதி அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆலன் ஸீமோரின் ‘தி ஒன் டே ஆஃப் தி இயர்’ நாடகத்தை அடிலெய்ட் கலைவிழாவின் நிர்வாகிகள் நிராகரித்தார்கள். 1960இல் அதே ஊரில் ஒரு அமெச்சூர் குழு போட்டது. அதில் லிஃப்ட் இயக்கும் ஆல்ஃப், இரண்டாம் போர்ச் சிப்பாய். வருஷம் முழுவதும் ஒன்றுமில்லாதவன், ஏப்ரல் 25 அன்று மட்டும் ஒரு ஆள். கல்லூரிக்குப் போன மகன் அந்த ஒரு நாளையும் பறிக்க வருகிறான். நாடகமாக அது கொஞ்சம் கூச்சல்தான். ஆனால் ‘ஒரு நாள்’ எதற்குத் தேவைப்படுகிறது என்பதை ஸீமோர் சரியாகப் பிடித்திருக்கிறார். ஃபேஸியின் பன்னிரண்டு நாளைப் புரிந்துகொள்ள ஆல்ஃபைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஜான்ஸ்டனுக்கும் ஸீமோருக்கும் திரும்பி வந்தவன் யாரோ ஒருவருடைய தகப்பன். வெளியிலிருந்து, மகனின் கண்ணால் பார்க்கப்படுகிறவன். அவனே பேசினால் எதைப் பற்றிப் பேசுவான்? டிராம் வண்டியைப் பற்றி. ஃபேஸியின் புத்தகத்தில் போர் ஒரு சிறு பகுதி; திரும்பி வந்த பிறகு உள்ள வாழ்க்கைதான் நீண்டுகொண்டே போகிறது. பெர்த் நகர டிராம்வேயில் வேலை. பிறகு 1922இல் விக்கிபின் பக்கத்தில் கோதுமை நிலம். திரும்பி வந்த சிப்பாய்களுக்கு நிலமும் கடனும் கொடுத்துக் குடியானவர்களாக்கும் திட்டம் அது. நாடு முழுவதும் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் போய் விழுந்தார்கள். நிலம் பலருக்குப் போதவில்லை, கருவி, குதிரை, வேலி எல்லாம் கடன், கோதுமை விலை இவர்கள் கையில் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்தக் கடனை நடத்தியது அரசாங்கத்தின் அக்ரிகல்ச்சுரல் பேங்க். கடன் லெட்ஜரோடு பகலைக் கழிக்கிறவன் என்பதால் இந்தப் பகுதிகளில் எனக்குக் கூடுதல் ருசி இருக்கலாம். வட்டி ஏறி, அசல் அசையாமல் நிற்கிற கணக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவன் என்ன சொல்லுவான் என்று இவரிடம்தான் கேட்டேன். 1930களின் மந்தம் வந்தது. 1934இல் நிலத்தை விட்டுவிட்டு மறுபடி பெர்த், மறுபடி டிராம்வே, தொழிற்சங்கம்.

(அந்த நிலம் கொடுக்கப்படுவதற்கு முன் நூங்கார் மக்களுடையது. போரில் சேர்ந்த ஆதிவாசிச் சிப்பாய்கள் ஆயிரம் பேருக்குக் குறையாது. அவர்களில் இந்தத் திட்டத்தில் நிலம் பெற்றவர்கள் மிகச் சொற்பம். ஃபேஸி வாலிபத்தில் வடக்கே புதரில் வழிதவறியபோது ஆதிவாசிகள்தான் அவரைக் காப்பாற்றினார்கள். அதை நன்றியோடு எழுதுகிறவருக்கு, விக்கிபின் பகுதி எழுதும்போது அவர்கள் ஞாபகம் வரவில்லை. ‘கொடுத்துவைத்த’ என்ற சொல்லுக்கு இந்தப் பக்கமும் உண்டு.)

இந்த அத்தியாயங்களைப் பாராட்டுகிறவர்கள் ‘மனம் தளராத உழைப்பாளி’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் பாராட்டுக்கு ஒத்துவராத ஒன்றைப் புத்தகமே வைத்திருக்கிறது. துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து எதிரியின் குழிக்குள் இறங்கி ஆளைக் குத்தியவன், புத்தி தெளிவாக இருந்தால், வேதத்தையும் கடவுளையும் பிறகு நம்ப முடியாது என்று சொல்கிறார் ஃபேஸி. தானும் நம்பவில்லை என்கிறார். கோபம் இல்லாமல், வேலி கட்டிய கணக்குச் சொல்கிற அதே குரலில். ஆன்ஸாக் நாள் என்றால் விடியற்காலைப் பிரார்த்தனை, பாதிரியார், கீர்த்தனை. அந்த நாளின் முதல் கரையில் தன்னை நிறுத்திக்கொண்ட மனிதர், அந்த நாளின் பிரார்த்தனையை ஏற்க மறுக்கிறார். புராணத்துக்குள் நுழைவதற்கு ஒரு பொய்த் தேதி கொடுத்தார் என்றால், நுழைந்த பிறகு உள்ளே வைத்தது இதை. இந்த இரண்டும் ஒரே புத்தகத்தில் இருப்பதைப் பற்றி அங்கே அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. தேதியைக் கண்டுபிடித்தவர்கள் தேதியோடு நின்றுவிட்டார்கள்; கொண்டாடுகிறவர்கள் கடவுளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

‘அவன்’ எங்கே ‘அவர்’ ஆகிறான் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். இறக்கப் பகுதியில் இருப்பது ‘அவர்’: அறுபது ஏப்ரல்களைக் கண்ட கிழவர், தானில்லாத கடற்கரையில் ஒரு இருபது வயதுப் பையனை இறக்கிவிடுகிறார். கத்தியும் கடவுளும் வருகிற இடத்தில் ‘அவன்’ திரும்ப வந்துவிடுகிறான். எழுதியவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது போர் அவர் வீட்டுக்கு வந்தது. மூன்று மகன்கள் போனார்கள். மூத்தவன் பார்னி 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இறந்தான். அந்த வீழ்ச்சியில் பதினைந்தாயிரம் ஆஸ்திரேலியர்கள் சரணடைந்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் அதற்கும் மிக அதிகம். அங்கிருந்து கிளம்பிய வேறொரு கதை நம் மொழியில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யாக வந்திருக்கிறது. அது பேச்சும் பாவனையும் பெருகி ஓடுகிற நாவல். ஃபேஸி அதற்கு நேர் எதிர்த் துருவம். மகன் சாவுக்கு அவர் கொடுக்கிற இடம் மிகவும் சிறியது. சிங்கப்பூருக்கு விடியற்காலை இல்லை, முன்கூட்டி எழுதப்பட்ட வர்ணனை இல்லை, ஊர்வலத்தில் அதற்கென்று ஒரு வரிசை ரொம்ப நாள் இருக்கவில்லை. இரவல் வாங்க ஒன்றும் இல்லாத இடத்தில் அவருடைய வாக்கியம் சுருங்கிப்போகிறது. அந்தச் சுருக்கம் எனக்குப் புத்தகத்தின் மற்றெந்த இடத்தையும்விடப் பெரிதாகப் படுகிறது.

ஈவ்லின் 1976இல் இறந்தாள், அறுபதாவது கல்யாண நாளுக்குச் சிறிது முன்னால். அவள் சாவோடு புத்தகம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

கையெழுத்துப் பிரதி பதிப்பகத்துக்குப் போனபோது, குடும்பத்தார் மட்டும் வைத்துக்கொள்ள இருபது பிரதி அச்சிட்டுத் தர முடியுமா என்றுதான் கேட்டிருந்தார்கள். ஆக, அந்த விடியற்காலை முதலில் எழுதப்பட்டது நாட்டுக்காக இல்லை. இருபது பேருக்காக. அந்த இருபது பேரும் அதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன் எத்தனையோ முறை சாப்பாட்டு மேஜையில் கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். பார்னியும் கேட்டிருப்பான். 1940 வாக்கில் அந்த மேஜையில் அவனுக்குச் சொல்லப்பட்டது எது, படகும் விடியலுமா, அல்லது கத்தியும் அதற்குப் பிறகு நம்ப முடியாமல் போன கடவுளுமா என்பதைப் புத்தகம் சொல்லவில்லை.